நீதிமன்றம் இருக்கும்போது பஷ்தூன் மக்களுக்கு ஜிர்கா எதற்கு?

கேள்வி இதுதான்: பாகிஸ்தானில் மாவட்ட நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை எல்லாம் இருந்தும், அதன் வடமேற்கிலும் ஆப்கானிஸ்தானிலும் வாழும் பஷ்தூன் மக்கள் ஏன் இன்னும் கொலை வழக்கைக்கூடப் பெரியவர்கள் கூடும் ஜிர்காவில் பேசித் தீர்க்கிறார்கள்? அரசு ஏன் அதைத் தடை செய்யவில்லை?

ஒரு வகையில் தடை செய்தாகிவிட்டது. ஜிர்காவோ பஞ்சாயத்தோ நீதிமன்றம்போல் உட்கார்ந்து சிவில், கிரிமினல் விவகாரங்களில் தீர்ப்பு சொல்வது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2019 ஜனவரியில் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரு தரப்பும் விரும்பி வந்தால் சட்டத்துக்கு உட்பட்டுச் சமரசம் பேசலாம், மத்தியஸ்தம் செய்யலாம். அதற்கு மேல் போகக் கூடாது. ஆனாலும் ஜிர்காக்கள் நின்றுவிடவில்லை. நிற்கவும் போவதில்லை என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அந்த நாட்டின் கொலைச் சட்டமே ஜிர்காவுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அதை விளக்க வேண்டுமென்றால் முதலில் ஜிர்கா எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும்.

ஜிர்கா என்றதும் ஆலமரத்தடியில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்லும் நாட்டாமை பலருக்கு நினைவுக்கு வருவார். அது இங்கே பொருந்தாது. ஜிர்காவுக்குத் தலைவர் கிடையாது. வட்டமாக உட்காருவார்கள், யாருக்கும் உயர்ந்த இடம் இல்லை. கை தூக்கி எண்ணும் வழக்கமும் இல்லை. எல்லோரும் ஒத்துவரும்வரை பேச்சு நாள்கணக்கில் ஓடும், சிக்கலான தகராறில் மாதக்கணக்கிலும் ஓடும். உட்காருபவர்கள் 'ஸ்பீன் கீரி' என்று அழைக்கப்படும் வெண்தாடிப் பெரியவர்கள். எந்தக் காயத்துக்கு என்ன ஈடு, எந்த அவமானத்துக்கு என்ன பரிகாரம் என்பதற்கெல்லாம் முன்பு சொன்ன முடிவுகளின் தொகுப்பாக 'நர்க்' என்ற மரபு ஒவ்வொரு பழங்குடிக்கும் உண்டு. அது பெரும்பாலும் எழுத்தில் இல்லை, பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. ஆப்கானிஸ்தானின் கோஸ்த், பக்தியா பகுதிகளில் நர்க் தெரிந்தவரை வெகுதூரத்திலிருந்து வந்து அழைத்துப் போவார்கள்.

ஒரு கொலை நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பஷ்தூன்வாலி என்ற அவர்களது வாழ்நெறிப்படி, இறந்தவன் வீட்டுக்கு 'பதல்' என்னும் பழிதீர்க்கும் கடமை வந்து சேர்கிறது. தந்தை முடிக்காததை மகன் முடிப்பான், அவனால் முடியாவிட்டால் பேரன். எனவே முதல் வேலை அடுத்த குண்டு வெடிக்காமல் பார்த்துக்கொள்வது. யாரும் கூப்பிடாமலே பெரியவர்கள் சிலர் இரண்டு வீட்டுக்கும் போய்த் 'தீகா' வைக்கிறார்கள். இன்ன தேதிவரை யாரும் துப்பாக்கியை எடுக்கக் கூடாது என்ற சண்டைநிறுத்தம் அது. மீறியவன் எதிரியோடு மட்டும் மோதவில்லை, நடுவில் நின்றவர்கள் அத்தனை பேரையும் அவமதிக்கிறான். அதற்கு 'நாகா' என்ற அபராதம் விழும். வீட்டையே எரித்த கதைகளும் உண்டு.

அடுத்து வருவதுதான் முக்கியமான படி. பெரியவர்கள் இரு தரப்பிடமும் 'வாக்' கேட்கிறார்கள். "எங்கள் விஷயத்தை உங்கள் கையில் ஒப்படைத்துவிட்டோம், நீங்கள் சொல்வதற்குக் கட்டுப்படுகிறோம்" என்று கொடுக்கும் அதிகாரம் அது. வாய்வார்த்தை போதாது. பணமோ துப்பாக்கியோ 'மச்சல்கா' என்ற பிணையாக வைக்க வேண்டும். முடிவை மறுத்தால் பிணை போய்விடும். வாக் கிடைக்கும்வரை ஜிர்காவுக்கு ஒரு அதிகாரமும் இல்லை. தூது போகலாம், கெஞ்சலாம், அவ்வளவுதான். வாக் கொடுத்தபின் பின்வாங்க வழியில்லை. ஜிர்காவைப் பற்றி நல்லது கெட்டது எது சொன்னாலும், அங்கே வாக் கொடுத்தது யார், கொடுக்க முடியாதவர் யார் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

இரு தரப்பையும் தனித்தனியாகக் கேட்டு முடிவு செய்தபின் 'நனவாத்தே' நடக்கும். கொன்றவன் தரப்பு முல்லாவையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு, குரானை ஏந்தி, ஆட்டையும் ஓட்டிக்கொண்டு இறந்தவன் வீட்டு வாசலுக்குப் போகிறது. ஆடு அங்கேயே அறுக்கப்படும். சில நேரம் கொன்றவன் வீட்டுப் பெண்களும் கூடவே வந்து நிற்பார்கள். வாசல் தேடி வந்து பணிந்தவனை விரட்டுவது பஷ்தூனுக்குப் பெரிய இழுக்கு. ஊரே பார்க்க நடக்கும் இந்தப் பணிவுதான், கைமாறும் பணத்தைவிட, பகையை முடிக்கிறது. நீதிமன்றத்தில் என்ன நடக்கிறது? குற்றம் சாட்டப்பட்டவன் தன் வக்கீல் மூலமாகக் கடைசிவரை 'நான் செய்யவில்லை' என்கிறான். தண்டனை விழுந்தாலும் இறந்தவன் தாயிடம் அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவன் சிறைக்குப் போகிறான், அவன் தம்பி வெளியே இருக்கிறான், பதல் கணக்கு அப்படியே நிற்கிறது. அரசுக்கு வழக்கு முடிந்துவிட்டது, குடும்பத்துக்கு முடியவில்லை.

இனிச் சட்டம். 1990இல் பாகிஸ்தான் தன் தண்டனைச் சட்டத்தில் உயிருக்கு உயிர் என்னும் கிசாஸ், ஈட்டுத்தொகை என்னும் தியத் விதிகளைச் சேர்த்தது. அதன்பின் கொலை வழக்கின் சாவி பெருமளவு இறந்தவரின் வாரிசுகள் கைக்குப் போய்விட்டது. 309ஆம் பிரிவின்படி அவர்கள் மன்னிக்கலாம், 310ஆம் பிரிவின்படி ஈடு வாங்கிக்கொண்டு சமரசம் ஆகலாம். தியத் தொகை 30,630 கிராம் வெள்ளியின் மதிப்புக்குக் குறையக் கூடாது. ஆண்டுதோறும் அரசு அதை ரூபாயில் அறிவிக்கிறது. ஆக, மர்தானிலோ பன்னுவிலோ செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஊரில் ஆண்கள் கூடும் ஹுஜ்ராவில் ஜிர்கா நடக்கும். பேச்சு முடிந்ததும் வாரிசுகள் நீதிபதி முன் வந்து, யாருடைய கட்டாயமும் இல்லாமல் மன்னித்துவிட்டோம் என்று 'ராஸிநாமா' தாக்கல் செய்வார்கள். எல்லா வாரிசுகளும் ஒப்புக்கொண்டார்களா, சிறுவர்களின் பங்குக்குப் பாதுகாப்பு உண்டா, மிரட்டல் ஏதும் இருக்கிறதா என்று நீதிபதி பார்க்க வேண்டும். திருப்தியானால் விடுதலை. சமரசத்தை யார் பேசி முடித்தார்கள் என்று அந்தத் தாளில் எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே இவற்றை இரண்டு போட்டி நீதிமுறைகள் என்று நினைத்தால் நடைமுறை விளங்காது. ஒன்றில் தொடங்கியது இன்னொன்றில் முடிகிறது.

இதில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பணமும் ஆள்பலமும் உள்ளவன் ஏழை வீட்டை மிரட்டி மன்னிப்பு வாங்கிவிடலாம். தங்கையைக் கொன்ற அண்ணனை அதே வீட்டு வாரிசான தந்தை மன்னித்துவிடலாம். இப்படி எத்தனையோ 'மானக் கொலைகள்' தண்டனை இல்லாமல் போயின. 2016இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மானத்தின் பேரால் செய்த கொலை என்றால் வாரிசு மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உண்டு. ஆனால் இது மானக் கொலைதான் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். சாட்சிகள் அத்தனை பேரும் ஒரே வீட்டில் இருக்கும்போது அது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜிர்காவின் பெயரைக் கெடுத்ததில் அரசுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. பிரிட்டிஷார் 1872இல் தொடங்கி 1901இல் முழு வடிவம் கொடுத்த எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டத்தை எஃப்.சி.ஆர். என்பார்கள். அதன்படி பொலிட்டிகல் ஏஜென்ட் என்ற அதிகாரி தானே பெரியவர்களைத் தேர்ந்து ஒரு குழுவை அமைப்பார். அதற்கும் ஜிர்கா என்றே பெயர். குழு கருத்துச் சொல்லும், தண்டனை கொடுப்பவர் அதிகாரி. 14 ஆண்டு வரை சிறை. வக்கீல் கிடையாது, நீதிமன்றத்தில் மேல்முறையீடும் கிடையாது. ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் குலத்தையே பிடித்து அடைக்கலாம், அவர்களுடைய வணிகத்தை முடக்கலாம். இங்கே வாக் எங்கே இருக்கிறது? யாரும் கொடுக்கவில்லை. வட்டத்தின் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டார்கள்.

வேதனை என்னவென்றால், 1947க்குப் பிறகும் ஆப்கான் எல்லையோரப் பழங்குடிப் பகுதிகளில் 2018 வரை இதே சட்டம்தான். நீதி வழங்குவதற்கான நவீன நெறிகள் எல்லாவற்றுக்கும் இது முரணானது என்று நீதிபதி கார்னிலியஸ் 1954இலேயே கடுமையாக எழுதினார். பலன் இல்லை. பெண்களையும் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் 65 வயது கடந்தவர்களையும் கூட்டுப் பொறுப்பின் பேரில் கைது செய்யக் கூடாது என்ற திருத்தமே 2011இல்தான் வந்தது. 2012 மே மாதம், ஒசாமா பின் லேடனைக் கண்டுபிடிக்க அமெரிக்காவுக்கு உதவியதாகச் சொல்லப்பட்ட மருத்துவர் ஷகீல் அஃப்ரிதிக்கு 33 ஆண்டு சிறை விதித்ததும் இந்தச் சட்டம்தான். கைபர் பகுதியில் நாலு பேர் கொண்ட ஜிர்காவின் கருத்தைக் கேட்டு உதவி பொலிட்டிகல் ஏஜென்ட் கொடுத்த தண்டனை அது. மேல்முறையீட்டில் 23 ஆண்டாகக் குறைந்தது. அவர் விவகாரம் பெஷாவர் உயர் நீதிமன்றத்தின் படியேற 2019 ஆகிவிட்டது.

நீதிமன்றத்தை மட்டும் கொண்டுபோய் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஸ்வாத் பள்ளத்தாக்கின் கதை அதற்குப் பதில் சொல்கிறது. 1969 வரை அது வாலி என்ற மன்னரின் ஆட்சியில் இருந்தது. வழக்குகள் வேகமாக முடிந்த காலம் என்று முதியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. பாகிஸ்தானோடு சேர்ந்தபின் 1975இல் அதிகாரிகள் நியமிக்கும் ஜிர்கா முறை வந்தது. உயர் நீதிமன்றம் 1990இலும், உச்ச நீதிமன்றம் 1994இலும் அது செல்லாது என்றன. கொள்கையளவில் நியாயமான தீர்ப்பு. ஆனால் அந்த இடத்தை நிரப்ப வந்த சாதாரண நீதிமன்றங்கள் மெதுவாக ஊர்ந்தன, வக்கீல் செலவு ஏழைக்கு எட்டவில்லை. அந்த எரிச்சலைச் சூஃபி முகமது என்ற மதத் தலைவரின் இயக்கம் பிடித்துக்கொண்டது. உடனடி நீதி, ஷரியத் நீதி என்ற முழக்கத்தோடு 1994 நவம்பரில் ஆயுதக் கிளர்ச்சியே வெடித்தது. 2009இல் ஸ்வாத் தாலிபான் பிடியில் இருந்தபோதும் அரசு கையெழுத்திட்டது 'நிஸாமே அத்ல்' என்ற நீதி ஒழுங்குமுறைக்குத்தான். கலவரத்துக்கு நீதிமன்றத் தாமதம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாகிஸ்தான் முழுக்க 20 லட்சத்துக்கும் மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கும்போது, தாத்தா போட்ட நில வழக்குக்குப் பேரன் வாய்தா வாங்கும்போது, பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்பவன் பக்கம் மக்கள் போவதைக் குறை சொல்ல முடியவில்லை.

இப்போது மன்னிக்கவே முடியாத பகுதி. கொலைப் பகையைத் தீர்க்கக் கொன்றவன் வீட்டுச் சிறுமியை இறந்தவன் வீட்டுக்கு மணம் என்ற பேரில் கொடுக்கும் வழக்கம். பாகிஸ்தான் பக்கம் அதை 'ஸ்வாரா' என்பார்கள், ஆப்கானிஸ்தானில் 'பாத்'. பெண் கொடுத்து உறவானால் பகை அழியும் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். நடப்பது வேறு. சித்தப்பாவோ அண்ணனோ செய்த கொலைக்கு அந்தக் குழந்தை வாழ்நாள் முழுக்க எதிரி வீட்டில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கல்யாணக் கொட்டு கிடையாது, புது உடுப்பு கிடையாது. கொன்றவனோ ஊரில் தலை நிமிர்ந்து நடக்கிறான். அவளிடம் யாரும் வாக் கேட்கவில்லை. அந்த வட்டத்தில் அவளுக்கோ அவள் தாய்க்கோ இடமே இல்லை. ஜிர்காவின் அறம் எதில் நிற்கிறதோ அதையே இங்கே மிதித்துவிடுகிறார்கள்.

இதற்கு எதிராகப் பேசியவர்களும் பஷ்தூன் பெண்கள்தான் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சமர் மினல்லா 2003இல் ஸ்வாரா பற்றி ஆவணப்படம் எடுத்து, வழக்கும் தொடுத்தார். 2004இல் தண்டனைச் சட்டத்தில் ஸ்வாராவைக் குற்றமாக்கும் 310-ஏ பிரிவு வந்தது. 2011 திருத்தத்துக்குப்பின் 3 முதல் 7 ஆண்டு சிறையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. ஸ்வாரா இஸ்லாத்துக்கே விரோதம் என்று 2021இல் மத்திய ஷரியத் நீதிமன்றமும் சொன்னது. ஸ்வாத்தில் தபஸ்ஸும் அத்னான் 2013இல் 'குவெந்தோ ஜிர்கா' என்று பெண்கள் மட்டும் உட்காரும் ஜிர்காவைத் தொடங்கினார். ஆண்களின் ஜிர்கா அவரைத் தங்கள் வட்டத்தில் சேர்க்க மறுத்ததால் தொடங்கியது அது.

செய்தித்தாளில் 'ஜிர்காவின் கொடூர உத்தரவு' என்று வருவதெல்லாம் பஷ்தூன்களுடையது அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2002இல் முக்தாரன் மாய் என்ற பெண்ணுக்கு நடந்த கூட்டு வன்புணர்வுக் கொடுமை தெற்குப் பஞ்சாபில் ஒரு பஞ்சாயத்தில். கல்யாண வீட்டில் கைதட்டும் வீடியோ வெளியானதற்காகப் பெண்கள் கொல்லப்பட்ட, 2012இல் உலகுக்குத் தெரிந்த கோஹிஸ்தான் வழக்கில் சம்பந்தப்பட்டவர்களும் பஷ்தூன்கள் அல்லர். பழியை இடம் மாற்றிப் போடுவதால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஜிர்கா தானாகவும் தேயவில்லை. பாதுகாப்பு என்ற பேரிலும் மதம் என்ற பேரிலும் அதைச் சுட்டார்கள். 2008 மார்ச்சில் தர்ரா ஆதம் கேலிலும் அக்டோபரில் ஒரக்சாயிலும் தாலிபானுக்கு எதிராகக் கூடிய ஜிர்காக்களில் தற்கொலைத் தாக்குதல் நடந்து, கூண்டோடு பெரியவர்கள் செத்தார்கள். 2011 மார்ச் 17 அன்று வடக்கு வஜீரிஸ்தானின் தத்தா கேலில், ஒரு குரோமைட் சுரங்கத் தகராறைத் தீர்க்கக் கூடிய ஜிர்காவின்மேல் அமெரிக்க டிரோன் குண்டு போட்டது. சுமார் 40 பேர் பலி. ஜிர்கா கூடப்போவதாக அரசுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லியிருந்தார்கள். பல ஆண்டுகளாக நர்க்கை மனதில் சுமந்தவர்கள் ஒரே நேரத்தில் போனால், எழுதி வைக்காத சட்டத்தின் ஒரு பகுதியும் அவர்களோடு போய்விடுகிறது.

ஆப்கானிஸ்தானை விரைவாகச் சொல்கிறேன். அங்கே பத்துத் தகராறில் எட்டு அரசு நீதிமன்றத்துக்கு வெளியேதான் தீர்கின்றன என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 2007 அறிக்கை மதிப்பிட்டது. நீதிமன்றங்களில் லஞ்சம் அந்த அளவு மலிந்திருந்தது. பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்புச் சட்டம் 2009இல் பாத் வழக்கத்தைக் குற்றமாக்கியது. தாலிபான் மீண்டும் ஆட்சிக்கு வந்தபின், பெண் சொத்து அல்ல, அவளைச் சமாதானத்துக்கு ஈடாகக் கொடுக்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் ஆணை போட்டார்கள். ஆனால் அதே ஆட்சியில் பெண் நீதிபதிகளும் பெண் வக்கீல்களும் நீதிமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஆணை மீறப்பட்டால் ஒரு சிறுமி யாரிடம் போய்ச் சொல்வாள்?

பாகிஸ்தானுக்கே திரும்புவோம். 2018 மே மாதம் 25ஆம் அரசியல் சட்டத் திருத்தம் பழங்குடிப் பகுதிகளைக் கைபர் பக்தூன்க்வா மாகாணத்தோடு இணைத்தது. 2019இல் நீதிபதிகள் நியமிக்கப்பட்டார்கள். தெற்கு வஜீரிஸ்தானுக்கான நீதிமன்றம் முதலில் பக்கத்து மாவட்டமான டாங்கில்தான் உட்கார்ந்தது. மாகாணத்தில் 2014 முதலே காவல் நிலைய வளாகங்களில் தகராறு தீர்வு மன்றங்கள் இருக்கின்றன. ஓய்வு பெற்ற நீதிபதிகள், ஆசிரியர்கள், வணிகர்கள் போன்றோர் மூவர் மூவராக உட்கார்ந்து, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட சில்லறைத் தகராறுகளைக் கட்டணம் இல்லாமல் முடித்துக் கொடுக்கிறார்கள். இதை நான் வரவேற்கிறேன். 2020இல் வந்த மாற்றுத் தகராறு தீர்வுச் சட்டம் பற்றி அவ்வளவு நிம்மதியாகச் சொல்ல முடியவில்லை. நடுவர் பட்டியலை முடிவு செய்வதில் நிர்வாக அதிகாரிகளின் கை ஓங்கியிருக்கிறது, எஃப்.சி.ஆர். பின்வாசல் வழியாக வருகிறது என்று இணைந்த மாவட்ட வக்கீல்கள் எதிர்த்தார்கள். அந்த அச்சம் நியாயமானது. நடுவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் தகராறுக்காரர்கள், அதிகாரி அல்ல.

குழுக்களாக மோதும் இடத்தில் நீதிமன்றம் கைவிரித்துவிடுகிறது. 2024 ஜூலையில் குர்ரம் மாவட்டத்தின் போஷேராவில் ஒரு நிலத்துக்காகத் தொடங்கிய சண்டை ஷியா, சுன்னி மோதலாகப் பரவியது. நவம்பரில் பயணிகள் வாகன வரிசையைத் தாக்கி 40க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். அதை ஒரு ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தது கோஹாட்டில் வாரக்கணக்கில் உட்கார்ந்த பெரிய ஜிர்கா. 2025 ஜனவரி 1 அன்று 14 அம்சங்களில் கையெழுத்தானது. பதுங்குகுழிகளை இடிப்பது, கனரக ஆயுதங்களை ஒப்படைப்பது எல்லாம் அதில் இருந்தன. மூன்றே நாளில் மாவட்டத் துணை ஆணையரின் வாகனத்தைச் சுட்டு அவரைக் காயப்படுத்தினார்கள். ஜிர்காவின் சொல்லுக்குப் பின்னால் ஒரு காலத்தில் குலத்தின் படை இருந்தது. இன்று அரசின் போலீஸ் இருக்க வேண்டும், இரண்டும் முழுசாக இல்லாத இடைக்காலம் இது.

நிலத்தைப் பொறுத்தவரை இன்னொரு தடை. இணைந்த மாவட்டங்களில் பெரும்பாலான இடங்களில் நில அளவையும் பட்டாப் பதிவும் நடந்ததே இல்லை. வஜீரிஸ்தானின் வஜீர், மெஹ்சூத் குல மக்களிடம் 'நிகாத்' என்ற பாட்டன்வழிப் பங்கீடு இருக்கிறது. மேய்ச்சல், கனிமம், அரசு தரும் சலுகை, சுமத்தப்படும் அபராதம் எல்லாமே அந்த விகிதத்தில்தான் பிரியும். சிவில் நீதிபதி கேட்கும் ஆவணத்தை அங்கே யாராலும் காட்ட முடியாது. எல்லைக்கல் எங்கே இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள் ஜிர்காவில் உட்காரும் முதியவர்கள்தான். ஆகவே அளவைத் துறை அவர்களோடு உட்கார்ந்து கேட்டு, எழுதி, பதிவேட்டில் ஏற்றினால்தான் நீதிமன்றத்துக்கு வேலையே தொடங்கும். அதைச் செய்யும்போதே பெண்களின் பங்கையும் கேட்டாக வேண்டும். நிகாத் கணக்கில் மகளுக்கு இடம் இல்லை. ஷரியத்திலும் பாகிஸ்தான் சட்டத்திலும் உண்டு. முதல் பதிவில் ஆண்களின் பெயர் மட்டும் ஏறிவிட்டால், அதை மாற்ற ஒவ்வொரு மகளும் தனித்தனியாக வழக்குப் போட்டு, அண்ணன் தம்பிகளை எதிர்த்து, அதே மெதுவான சிவில் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டிவரும்.